செல்லின் பாதையை டி.என்.ஏ. மட்டும் தீர்மானிப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு அறிவியல் இணைப்பில், 'ஒரு செல் கண்ணாகுமா கல்லீரலாகுமா என்பது டி.என்.ஏ.விலேயே எழுதப்பட்டிருக்கிறது' என்று ஒரு வரி வந்திருந்தது. 30 வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியவள் நான். அதை அப்படியே விட மனம் வரவில்லை.

ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "எல்லா செல்லிலும் ஒரே டி.என்.ஏ. தானே மிஸ், அப்புறம் கண்ணு ஏன் கண்ணாவும் தோலு தோலாவும் இருக்கு?" சில மரபணுக்கள் விழித்திருக்கும், சில உறங்கும் என்றேன். "எழுப்புறது யாரு?" என்றாள்.

எழுப்புகிறவர்களில் ஒருவரைச் சொல்கிறேன். டி.என்.ஏ. இழை நூல்கண்டில் நூல்போலச் சுற்றியிருப்பது ஹிஸ்டோன் என்ற புரதங்களின்மேல். அவற்றில் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் உண்டு. கார்ம்1 என்ற நொதி அதன்மேல் மீத்தைல் தொகுதி என்ற சின்ன வேதி ஒட்டை ஒட்டுகிறது. 2007-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் நாலே செல் இருக்கும் எலிக்கருவைப் பார்த்தார்கள். ஹெச்3 என்ற வகை ஹிஸ்டோனின் 26-ஆவது இடத்து அர்ஜினினில் இந்த ஒட்டு நாலு செல்லிலும் ஒரே அளவில் இல்லை. அதிகமாக இருந்த செல்களின் வாரிசுகள் உடலை உருவாக்கும் உள்செல் திரளுக்குப் போயின. சரி, தற்செயலாக இருக்கலாமே? ஒரு செல்லில் மட்டும் கார்ம்1-ஐக் கூட்டிப் பார்த்தார்கள். செல்லை எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய நிலையில் வைக்கும் நானாக், சாக்ஸ்2 புரதங்களின் அளவு அதில் உயர்ந்தது, அதன் வாரிசுகளும் உள்ளே போய்ச் சேர்ந்தன. டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துகூட மாறவில்லை!

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ஹெச்4 ஹிஸ்டோனின் 3-ஆவது அர்ஜினினில் இரண்டு மீத்தைல்களும் அதன் நுனியிலுள்ள இரு நைட்ரஜன் அணுக்களில் ஒன்றிலேயே ஒட்டினால் (பி.ஆர்.எம்.டி.1 நொதியின் வேலை) மரபணு பெரும்பாலும் விழிக்கிறது. பி.ஆர்.எம்.டி.5 என்ற இன்னொரு நொதி அவற்றை இரு நைட்ரஜன்களில் ஒவ்வொன்றாக ஒட்டினால் பெரும்பாலும் உறங்குகிறது. அதே இடம், அதே இரண்டு மீத்தைல். இந்த ஒட்டு வேலை ஹிஸ்டோனோடும் நிற்பதில்லை. தசையின் ஸ்டெம் செல்லில் பாக்ஸ்7 புரதத்தின் அர்ஜினின்களில் கார்ம்1 ஒட்டிய பிறகுதான் எம்.ஒய்.எஃப்.5 மரபணு இயங்கத் தொடங்கி, செல் தசையாகும் வழியில் இறங்குகிறது.

உங்கள் இணைப்பைப் பள்ளிப் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, இதைப் பற்றி அரைப் பக்கமாவது படத்தோடு போடுங்கள்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
கும்பகோணம்