உலகச் சமயங்கள் பாடம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் உலகச் சமயங்கள் பற்றிய பாடம் தொடங்குகிறது. ஒவ்வொரு சமயமும் எங்கே தோன்றியது, அதைப் பின்பற்றுகிறவர்கள் எதை நம்புகிறார்கள், பிறந்த இடத்தைத் தாண்டி அது எப்படிப் போனது என்பவைதான் பாடத்தில் வரும். இதைக் கேள்விப்பட்டதும் உங்களில் சிலர் என்னிடம் பேசினீர்கள். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு, பிள்ளைங்களுக்குள்ள சண்டைதான் வரும்" என்றார்கள் சிலர். "எல்லா மதமும் ஒண்ணைத்தான் சொல்லுதுன்னு சொல்லி முடிச்சிடுங்களேன்" என்றார்கள் வேறு சிலர். இரண்டாவது யோசனை நல்ல மனதோடு சொன்னது என்று தெரியும். ஆனாலும் நாங்கள் அப்படிச் சொல்லப் போவதில்லை.

ஏனென்றால், அது உண்மையில்லை. யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றும் ஆபிரகாமை முன்னோராகக் கொண்டாடுகின்றன. ஒரே கடவுள், இறைவாக்கினர்கள், தீர்ப்பு நாள் என்று நெருங்கிய உறவு. ஆனால் இயேசு யார் என்று கேட்டால் மூன்றும் பிரிந்துவிடும். கிறிஸ்தவர்களுக்கு அவர் கடவுளின் மகன், சிலுவையில் இறந்து உயிர்த்தெழுந்தவர். முஸ்லிம்களுக்கு அவர் ஈசா நபி. மர்யமின் மகன், பெரும் மதிப்புக்குரிய தூதர், ஆனால் கடவுள் அல்லர். யூதர்கள் அவரை மெசியாவாக, அதாவது கடவுள் அனுப்புவதாக நம்பப்படும் மீட்பராக, ஏற்பதில்லை. அதேபோல இந்து, பௌத்தம், சமணம், சீக்கியம் நான்கிலும் வினையும் மறுபிறப்பும் உண்டு. அப்புறம் உள்ளே போனால் வேறு கதை. அழியாத ஆன்மா உண்டு என்கின்றன இந்துத் தத்துவ மரபுகள் பல. அப்படி நிலையான 'நான்' என்று எதுவும் இல்லை என்றார் புத்தர். உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவர் இல்லை என்கிறது சமணம். இத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் யாருடைய நம்பிக்கையையும் நாம் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

'மதம்' என்றால் என்ன என்பதே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. இஸ்லாத்தின் தொடக்கத்தை ஆண்டுக் கணக்கோடு சொல்ல முடியும்: முகமது நபிக்கு முதல் வெளிப்பாடு 610இல், மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போனது 622இல், மறைவு 632இல். சீக்கியமும் அப்படித்தான், குரு நானக் பிறந்தது 1469, சீக்கியர்களின் கால்சா அமைப்பு உருவானது 1699. இந்து சமயத்துக்கு அப்படி ஒரு தொடக்க நாளோ, ஒரே நிறுவனரோ, எல்லோருக்கும் பொதுவான ஒரே நூலோ கிடையாது. சீனாவில் ஒரே ஆள் கன்ஃபூசியஸ் வழியையும் தாவோ வழியையும் புத்தரையும் சேர்த்தே கொண்டாடியிருக்கிறார். ஜப்பானிலும் அந்நாட்டின் பழைய சமயமான ஷின்டோவும் பௌத்தமும் ஒரே வீட்டுக்குள் இருக்கும். ஆளுக்கு ஒரு மதம் என்று கட்டம் போட்ட படிவம் அங்கே திணறிப்போகும். உலகில் கிறிஸ்தவர்கள் 200 கோடிக்கும் மேல், முஸ்லிம்கள் ஏறத்தாழ 200 கோடி, இந்துக்கள் 100 கோடிக்கும் மேல் என்று பிள்ளைகள் படிப்பார்கள். பௌத்தர் எண்ணிக்கை மட்டும் கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு ஏன் இவ்வளவு மாறுகிறது என்று கேட்டால், ஒரே ஆள் பல வழிகளைப் பின்பற்றுவதும் ஒரு காரணம்.

பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, சமயங்கள் பயணம் போன கதை. இதற்குத்தான் அதிக வகுப்புகள் ஒதுக்கியிருக்கிறோம். கலிங்கப் போருக்குப் பிறகு, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், அசோகர் தன் வருத்தத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்தார். ஒரு பேரரசன் தான் வென்ற போருக்காகப் பொதுவில் வருந்துவது எந்தக் காலத்திலும் அபூர்வம். இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுபோனவர் அவருடைய மகன் மகிந்தர் என்கிறது இலங்கை மரபு. வடக்கே பட்டுப் பாதை வணிகர்களோடு பிக்குகளும் நடந்தார்கள். சீனா போய்ச் சேர்ந்ததும் வேறொரு சிக்கல்: நூல்களை யார் மொழிபெயர்ப்பது? 401இல் சாங்கான் நகருக்கு (இன்றைய சியான்) வந்த பௌத்த பிக்கு குமாரஜீவர் பெரிய குழுவை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தார். அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் பிறகு, மூல நூல்களைத் தேடி 629இல் இந்தியாவுக்குப் புறப்பட்ட யுவான் சுவாங், 645இல் நூற்றுக்கணக்கான சுவடிகளோடு திரும்பினார். சீனாவிலிருந்து கொரியா, கொரியாவிலிருந்து ஆறாம் நூற்றாண்டில் ஜப்பான் என்று பௌத்தம் போய்க்கொண்டே இருந்தது. பிறந்த மண்ணிலோ பின்னாளில் தேய்ந்துபோனது. நமக்குக் கிடைத்தவற்றில் நாள் குறிப்பிட்டு அச்சான மிகப் பழைய நூல், 868இல் சீனாவில் அச்சான ஒரு பௌத்த சூத்திரம்தான்.

கிறிஸ்தவத்தை 'ஐரோப்பிய மதம்' என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வருவார்கள். அது மேற்காசியாவில், யூத சமூகத்துக்குள் தோன்றியது. யூதர் அல்லாதவர்களும் யூதச் சட்டங்கள் முழுவதையும் ஏற்காமலேயே சேரலாம் என்று தொடக்ககாலக் கிறிஸ்தவப் போதகரான பவுல் வாதாடினார். அதோடு ரோமானியச் சாலைகளும், ஊருக்கு ஊர் புரிந்த கிரேக்க மொழியும் சேர்ந்துகொள்ள, அது வேகமாகப் பரவியது. 313இல் ரோமப் பேரரசு அதைச் சட்டப்படி அனுமதித்தது. 380இல் அரச மதமாக்கியது. அதே நான்காம் நூற்றாண்டில், எத்தியோப்பியாவின் அக்சூம் அரசர் எசானா கிறிஸ்தவராகி, தன் நாணயங்களில் சிலுவையைப் பொறித்தார். 635இல் பாரசீகத்திலிருந்து கிறிஸ்தவத் துறவிகள் சீனத் தலைநகரை அடைந்ததைச் சொல்லும் 781ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்றும் சியானில் இருக்கிறது. இன்று கிறிஸ்தவர்கள் அதிகம் வாழும் கண்டம் ஆப்பிரிக்கா.

இஸ்லாம் என்றதும் வாளைத்தான் பலர் சொல்வார்கள். அரபுப் படைகள் நூறே ஆண்டுகளில் ஸ்பெயின் முதல் சிந்து வரை போனது உண்மை. ஆனால் ஆட்சி மாறியதும் மக்கள் மதம் மாறிவிடவில்லை. ஈரானிலும் எகிப்திலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக சில நூற்றாண்டுகள் ஆயின. இன்று 20 கோடிக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வாழும் இந்தோனேசியாவுக்கு எந்த அரபுப் படையும் போகவில்லை. கடல் வணிகர்களும் இஸ்லாமிய ஞானிகளான சூஃபிகளும் போனார்கள். துறைமுகங்களில் திருமணம் செய்து தங்கினார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் சுமத்ராவின் வடக்குக் கரையில் ஒரு முஸ்லிம் அரசே இருந்தது.

ஆள் சேர்க்க வேண்டும் என்று கிளம்பாமலேயே உலகமெங்கும் போன சமயங்களும் உண்டு. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட பிறகு, பலியும் ஆலயமும் இல்லாமல், ஜெபக்கூடத்தையும் வேத வாசிப்பையும் வைத்தே யூதர்கள் தங்கள் சமயத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு இந்து சமயம் மொரீஷியஸுக்கும் டிரினிடாடுக்கும் ஃபிஜிக்கும் போனது. அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கம்போடியாவில் விஷ்ணுவுக்காக எழுந்த அங்கோர் வாட், பிறகு பௌத்த வழிபாட்டிடமானது.

புத்தரின் வாழ்க்கைக் கதை ஒவ்வொரு மொழியாகத் தாவி, இடைக்கால ஐரோப்பாவில் ஜோசபாத் என்ற கிறிஸ்தவப் புனிதரின் கதையாகவே மாறிவிட்டதையும் வகுப்பில் சொல்வோம். அந்தப் புனிதரை வணங்கிய யாருக்கும் அது புத்தரின் கதை என்று தெரியாது!

சங்கடமான பக்கங்களை மறைக்க மாட்டோம். 1099இல் சிலுவைப் போர்ப் படைகள் எருசலேமில் நடத்திய படுகொலையும், 1492இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியதும் பாடத்தில் உண்டு. அப்படி வெளியேறியவர்களில் பலருக்கு இடம் கொடுத்தது துருக்கியின் ஒட்டோமான் சுல்தானின் அரசு என்பதும் உண்டு. நல்லதைச் செய்தாலும் கெட்டதைச் செய்தாலும் செய்தவர்களின் பெயரோடும் ஆண்டோடும் சொல்வோம். ஒரு சமயத்தின் தலையில் மொத்தமாகக் கட்ட மாட்டோம்.

சரி, வகுப்பு எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்கள் "கிறிஸ்தவர்கள் இப்படி நம்புகிறார்கள்", "சமணர்கள் இப்படி நம்புகிறார்கள்" என்றுதான் பேசுவார்கள். எது சரி, எது தவறு என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். எந்தச் சடங்கையும் பிள்ளைகளைச் செய்துகாட்டச் சொல்ல மாட்டோம். "உங்க மதத்துல ஏன் இப்படி?" என்று எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்திக் கேட்க மாட்டோம், பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு சமயம் முழுமைக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. முகமது நபியை உருவமாகக் காட்டும் படங்கள் எங்கள் பாடத் தாள்களில் இருக்காது. எந்தச் சமயத்தையும் பின்பற்றாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இவை அத்தனையும் பொருந்தும்.

வீட்டுப்பாடம் ஒன்று உண்டு. தங்கள் குடும்பத்தின் சமயம் அல்லாத வேறொரு சமயத்தைத் தேர்ந்தெடுத்து, அது போன பாதையை வரைபடத்தில் குறித்து, யார் கொண்டுபோனார்கள், போன இடத்தில் எது மாறியது என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். தயவுசெய்து நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். பெற்றோரின் கையெழுத்து எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

"அப்போ நம்ம சாமி உண்மையா?" என்று பிள்ளை வீட்டில் வந்து கேட்கலாம். அதற்குப் பள்ளி பதில் சொல்லாது, அது உங்கள் வீட்டுப் பேச்சு. உங்கள் நம்பிக்கையை நீங்கள் தாராளமாகச் சொல்லுங்கள். "எல்லாம் ஒண்ணுதான், போய்ப் படி" என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

பாடத் திட்டமும், வகுப்பில் தரப்போகும் தாள்களும் திங்கட்கிழமை முதல் அலுவலகத்தில் இருக்கும், வந்து பார்க்கலாம். உங்கள் சமயத்தைப் பற்றி எழுதியிருப்பதில் ஏதாவது பிழையாகப் பட்டால், அந்தத் தாளிலேயே குறித்து வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பாடம் தொடங்கும் முன் திருத்திவிடலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்