அந்த இசைத்தட்டில் பழுது இல்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஸ்டிராங்லர்ஸ் குழுவின் 'தி காஸ்பல் அக்கார்டிங் டு த மெனின்பிளாக்' இசைத்தட்டை நம் கடையில் வாங்கிய சிலர், "ஆரம்பத்திலேயே கீச்சுக் கீச்சென்று கேட்கிறது, ஏதோ பழுது" என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். வந்த தட்டு ஒவ்வொன்றையும் முழுசாகப் போட்டுக் கேட்டோம். பழுது எதுவும் இல்லை. பதிவே அப்படித்தான்.

இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் 1974-இல் உருவான குழு இது. டிரம்ஸ் வாசித்த ஜெட் பிளாக் அதற்கு முன் ஐஸ்கிரீம் வண்டிகள் விட்டுத் தொழில் நடத்தியவர். முரட்டு வேக ராக் இசையான பங்க்கின் அலையில் பெயர் வாங்கியவர்கள், 1981-இல் யாரும் எதிர்பார்க்காத பக்கம் திரும்பினார்கள். மனிதனைப் படைத்தது வேற்றுக்கிரகவாசிகள், பைபிள் அற்புதங்களும் அவர்கள் கைவேலை என்று பத்துப் பாட்டில் ஒரு கதை! உறையை விரித்துப் பாருங்கள்: கடைசி இராவுணவு ஓவியத்தில் சீடர்களோடு கறுப்பு உடுப்பில் ஒரு ஆள் நிற்பார். தலைப்பில் வரும் 'மெனின்பிளாக்' என்பதற்கு அதுதான் பொருள்: கறுப்பு உடுப்பு ஆட்கள்.

சரி, அந்தக் கீச்சுக் குரலுக்கு வருவோம். முதல் பாட்டான 'வால்ட்ஸின்பிளாக்'கில் பாடல் வரியே கிடையாது. டேவ் கிரீன்ஃபீல்டின் கீபோர்ட் ராட்டினம்போல் சுற்றிச் சுற்றி வரும். அதன்மேல் மனிதச் சிரிப்பா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு சிரிப்பு. டேப்பின் வேகத்தை மாற்றிச் செய்த வேலை அது.

இந்த வித்தை அவர்களுக்குப் புதிதல்ல. இரண்டாம் பக்கம் 'டூ சன்ஸ்பாட்ஸ்' என்ற துள்ளலான பாட்டோடு தொடங்குகிறது. 1979-இல் 'தி ரேவன்' ஆல்பத்துக்கு வேலை செய்தபோதே அதன் டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். வேகம் பாதியானால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். அந்தக் கனத்த ஓசையின்மேல் 'மெனின்பிளாக்' என்ற வேறொரு பாட்டையே கட்டினார்கள். அப்புறம் வந்த இந்த ஆல்பம் முழுவதற்கும் விதை அதுதான். 'கோல்டன் பிரவுன்' பாட்டால் இவர்களை அறிந்தவர்கள் அதிகம்; எங்கள் மனசுக்கு நெருக்கம் இந்தத் தட்டுதான்.

இன்னும் சந்தேகமா? தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 33-ஐ ஒட்டி வந்தால் உங்கள் பிளேயர் சரி. 45 வந்தால் வேகத்தை மாற்றுங்கள். கீறலோ வளைவோ இருந்தால் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம். முதல் பாட்டோடு நிறுத்தியவர்கள் மட்டும், 'டூ சன்ஸ்பாட்ஸ்' வரை ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் இசைத்தட்டுக் கடை