விரும்பித் தேர்ந்தெடுத்தார்களாம்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர் தனியார் பள்ளியை 'விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள்' என்று சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு வரி. பட்டுப்புடவையா ஐயா, விரும்பித் தேர்ந்தெடுக்க?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தாங்கள் அறியாததல்ல. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வி. அருகமைப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது பிள்ளையின் விருப்பம். பள்ளி வாசலிலோ, 'ஷேடோ டீச்சரை (வகுப்பில் பிள்ளையின் பக்கத்திலேயே இருந்து உதவும் ஆசிரியர்) நீங்களே கூட்டிட்டு வாங்க' என்கிறார்கள். அந்தச் சம்பளம் எந்த ரசீதிலும் ஏறாது.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் இலவசமாக ஒதுக்கும் 25 சதவீத இடம் நுழைவு வகுப்போடு சரி. கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் தருவதோ 8 வயதில். அதற்குள் பிள்ளை மூன்றாம் வகுப்பு! எந்த மேதை போட்ட கணக்கோ.

வரிச்சலுகை இருக்கிறதே என்பீர்கள். வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவில் 75,000 ரூபாய்; பாதிப்பு 80 சதவீதத்தைத் தொட்டால் 1,25,000. கழிவது வரியிலிருந்து அல்ல, வருமானத்திலிருந்து. 20 சதவீத வரி கட்டுபவருக்கு 75,000-இல் மிஞ்சுவது 15,000 சொச்சம். புதிய வரி முறையில் அதுவும் இல்லை. அலுவலகத்தில் வாய் திறக்காவிட்டால் அதில்தான் போடுவார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம் என்றால் 10-ஐஏ படிவம் என்ற மருத்துவச் சான்று தனியாக வேண்டும். தற்காலிகச் சான்று காலாவதியானால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். பள்ளிக்குக் கட்டுவதில் 80சி என்ற இன்னொரு வரிச்சலுகைப் பிரிவில் செல்லுவது கற்பித்தல் கட்டணம் (டியூஷன் ஃபீ) மட்டுமே. சில பள்ளிகள் மொத்தத்தையும் 'நன்கொடை' என்று ரசீது கிழித்துத் தருகின்றன. வாங்கும்போதே தலைப்பைப் பார்த்து மாற்றிக் கேட்காவிட்டால் மார்ச்சில் ஆடிட்டர் உதட்டைப் பிதுக்குவார். இப்படிப்பட்ட ரசீதுகளைப் பார்த்தே என் தலை நரைத்துவிட்டது.

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் பலூனும் கையுமாக இந்தப் பிள்ளைகளைப் படம் போடுகிறீர்கள், மகிழ்ச்சி. கீழே 'மனநலம் குன்றியோர்' என்று அச்சிடாதீர்கள், அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு என்று முன்பே இரண்டு கடிதம் எழுதினேன். வெளிவரவில்லை. தங்களுக்கு இட நெருக்கடி, புரிகிறது.

கணக்குத் தாக்கலுக்குக் கெடு முடியுமுன், 10-ஐஏ படிவத்தில் யார் கையெழுத்துச் செல்லும் என்பதையாவது ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்: பிள்ளைகளுக்குக் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர், அல்லது அரசு மருத்துவமனையின் சிவில் சர்ஜன் அல்லது தலைமை மருத்துவ அலுவலர். இரண்டே வரிதான்.

— சிறப்பாசிரியர் (ஓய்வு), மதுரை