பழைய வீடு என்பதால் சங்கக் கட்டணம் இல்லை என்று நம்ப வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் வீடு வாங்குவது பற்றிய உங்கள் கட்டுரையில், பழைய குடியிருப்புகளில் எச்.ஓ.ஏ. எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கத்தில் சேருவது கட்டாயமில்லை என்று ஒரு வரி வந்திருக்கிறது. பல இடங்களில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அதற்கும் வீட்டின் வயதுக்கும் சம்பந்தமில்லை. நாற்பது, ஐம்பது வருஷத்து வீடுகளாகத் தேடுகிற நம்மவர்கள் அந்த ஒரு வரியை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதுகிறேன்.

நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்ற நிறுவனம், விற்பனைக்கு முன்பே கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பத்திரத்தைப் பதிவு செய்திருக்கும். ‘ஒவ்வொரு மனை உரிமையாளரும் சங்க உறுப்பினர், கட்டணம் செலுத்தத் தவறினால் மனைமீது லீன் விழும்’ (அதாவது பாக்கிக்கு மனையே ஈடாகும்) என்ற வாசகம் அதில் இருந்தால், அது நிலத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். எத்தனை கை மாறினாலும் விலகாது. வாங்குகிறவர் தனியாக விண்ணப்பம் தர வேண்டியதில்லை. கிரயப் பத்திரத்தை வாங்கிக்கொண்டாலே சங்கத்தில் சேர்ந்ததாகத்தான் கணக்கு. அந்த வாசகம் இல்லாத இடத்தில், பிற்பாடு அக்கம்பக்கத்தார் கூடித் தொடங்கிய சங்கம் சந்தா கேட்கலாமே தவிரப் பொதுவாகக் கட்டாயப்படுத்த முடியாது.

வயது எதற்கும் சாட்சியாகாது. நியூ ஜெர்சி ஃபேர் லான் ஊரின் ராட்பர்ன் குடியிருப்பு 1929-இல் உருவானது. சங்கமும் அப்போதே வந்துவிட்டது. அங்கே பல பத்தாண்டுகள் வீட்டுக்காரர்கள் கட்டணம் மட்டும் கட்டினார்கள். உறுப்பினர் உரிமை சங்கத்தின் அறங்காவலர்களுக்கும் முன்னாள் அறங்காவலர்களுக்கும்தான் இருந்தது. 2017-இல் மாநிலச் சட்டம் திருத்தப்பட்ட பிறகே எல்லோரும் உறுப்பினர் ஆனார்கள். ஆகவே உறுப்பினரா என்பது ஒரு கேள்வி, கட்டணம் உண்டா என்பது வேறு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

அந்தப் பத்திரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டின் உரிமைப் பத்திரங்களைச் சரிபார்த்துக் காப்பீடு தரும் டைட்டில் கம்பெனி, கிரயத்துக்கு முன் தரும் கமிட்மென்ட் என்ற ஆவணத்தில் ‘ஷெட்யூல் பி’ என்ற பகுதி இருக்கிறது. நம் ஊர் வில்லங்கச் சான்றிதழைப் பார்ப்பதுபோல அதைப் பார்க்க வேண்டும். டெக்சாஸ் படிவத்தில் அதன் முதல் இனமே கட்டுப்பாடுகள்தான். அங்கே பெரும்பாலும் தொகுதி எண், பக்க எண் அல்லது ஆவண எண் மட்டும் இருக்கும். பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய முழு நகலையும் டைட்டில் கம்பெனியிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

நீங்களே கவுண்டிப் பதிவேட்டில் தேடுவதானால், இப்போதைய உரிமையாளர் பெயரை வைத்துத் தேடினால் கட்டுப்பாட்டுப் பத்திரம் பெரும்பாலும் கிடைக்காது. ‘எதுவும் பதிவாகவில்லை’ என்று ஏமாறுவது இங்கேதான். மூலப் பத்திரம் மனை பிரித்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும். வரி ரசீதிலோ கிரயப் பத்திரத்திலோ உள்ள குடியிருப்பின் பெயர், பிளாக் எண், மனை எண் ஆகியவற்றை எடுத்து, அந்தப் பெயரிலும் நிறுவனத்தின் பெயரிலும் தேடுங்கள். மனைப்படத்தின் ஓரக் குறிப்புகளையும் விடாதீர்கள். திருத்தங்கள் தனித்தனி ஆவணங்களாகப் பதிவாகியிருக்கும். உதாரணத்துக்கு, 1965 பத்திரத்தை மட்டும் படித்துவிட்டு 1995 திருத்தத்தைத் தவறவிட்டால் முதலுக்கே மோசம்.

டெக்சாஸ் வீடு விற்பனை ஒப்பந்தப் படிவத்தில் ‘கட்டாயச் சங்க உறுப்பினர் உண்டு / இல்லை’ என்று டிக் செய்யும் இடம் இருக்கிறது. விற்பவர் போடும் அந்த டிக் பதிவான பத்திரத்தை மாற்றிவிடாது. உண்டு என்றால் சங்கத்திடம் மறுவிற்பனைச் சான்று கேளுங்கள். அதற்கு 375 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2021-இல் சட்டம் வந்திருக்கிறது. பாக்கி, சிறப்புக் கட்டணம், நிலுவை வழக்கு எல்லாம் அதில் தெரியும்.

படிக்கும்போது திருத்தப் பிரிவில் கூடுதல் நேரம் செலவழியுங்கள். வாங்கும்போது விருப்பச் சங்கமாக இருந்தது பின்னால் கட்டாயமாகலாமா என்பதில் நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. கொலராடோவின் எவர்கிரீன் ஹைலேண்ட்ஸ் குடியிருப்பில் 1972 பத்திரப்படி சேருவது கட்டாயமில்லை. 1995-இல் 75 சதவீத உரிமையாளர்கள் சேர்ந்து பத்திரத்தைத் திருத்தி, எல்லோரும் உறுப்பினர், ஆண்டுக்கு 50 டாலர் என்று ஆக்கினார்கள். 1986-இலேயே வாங்கிய ஒருவர் மறுத்தார். 2003-இல் மாநில உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பொதுப் பூங்காவை எல்லோரும் அனுபவிக்கும்போது பராமரிப்புச் செலவில் பங்கு உண்டு என்பதும் அதில் ஒரு காரணம். வட கரோலினாவின் லெட்ஜஸ் குடியிருப்பு வழக்கில் 2006-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் நேர்மாறாகச் சொன்னது: மூலப் பத்திரம் எதிர்பார்க்காத அளவுக்கு விரிந்த கட்டணத்தைத் திருத்தத்தால் சுமத்துவது நியாயமாகாது. எனவே குளம், தனியார் சாலை, பூங்கா என்று பொதுச் சொத்து ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், இன்று இலவசம் என்பது நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

ஹூஸ்டன் பகுதியில் இதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. கட்டுப்பாடுகள் இருந்து சங்கம் மட்டும் இல்லாத குடியிருப்பில், 60 சதவீத ஒப்புதலோடு கட்டாயச் சங்கம் அமைக்க டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 204-ஆம் அத்தியாயம் இடம் தருகிறது. ஃபுளோரிடாவில் கதை வேறு. அங்கே 30 ஆண்டுகளில் பழைய கட்டுப்பாடுகளைப் புதுப்பித்துப் பதியாவிட்டால் அவை செல்லாமல் போகக்கூடும். அப்படிப் போனதையும் பெரும்பான்மை உரிமையாளர்கள் மாநிலத் துறையின் அனுமதியோடு மீட்கலாம்.

கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. குடியிருக்கும் வீட்டைக் கடன்காரர்களிடமிருந்து காப்பதில் டெக்சாஸ் பேர்போன மாநிலம். அங்கேயே, சங்கப் பாக்கிக்காக வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம் என்று 1987-இல் இன்வுட் நார்த் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பம் குடியேறும் முன்பே அந்தக் கடப்பாடு நிலத்தில் இருந்தது என்பது காரணம்.

பழைய பத்திரங்களைப் படிக்கிற நம்மவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1920-களிலும் 30-களிலும் எழுதப்பட்ட பலவற்றில் வெள்ளையர் தவிர யாருக்கும் விற்கக் கூடாது என்ற வரி இருக்கும். படிக்கும்போது நெஞ்சு கனக்கும். 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் அதை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. 1968 வீட்டுவசதிச் சட்டம் அந்தப் பாகுபாட்டையே தடை செய்தது. ஆனால் அதே பத்திரத்தின் மற்ற விதிகள், ஒரு மனைக்கு ஒரு வீடு, சாலையிலிருந்து இத்தனை அடி தள்ளிக் கட்டுவது போன்றவை, உயிரோடு இருக்கலாம். சங்கமே இல்லாத இடத்திலும் பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போட்டு அவற்றை அமல்படுத்த முடியும்.

கடைசியாக, விருப்பச் சங்கம் உள்ள தெருவில் குடிபோனவர்களுக்கு: வாசலுக்கு வந்து ‘ஆதரவுக்கு ஒரு கையெழுத்து’ என்று நீட்டும் தாளை நன்றாகப் பாருங்கள். ஆண்டுச் சந்தாப் படிவம் என்றால் பயமில்லை. அதில் மனை எண், பிளாக் எண் எழுதி, நோட்டரி முன் கையெழுத்துக் கேட்டால் அது கவுண்டிப் பதிவுக்குப் போகிற தாள். உங்கள் மனையையும் உங்களுக்குப் பின் வாங்குகிறவரையும் அது கட்டிப்போடக்கூடும். ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் அதில் கையெழுத்திட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஹூஸ்டன்