ஐபேடிலும் நம் தமிழ்ச் செயலிகள் நிலைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் செயலி எழுதுகிறவன் என்பதால், பிள்ளைக்கு ஐபேட் வாங்கலாமா, ஆண்ட்ராய்டு டேப்லெட் போதுமா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. விலை கேட்பார்கள், திரை கேட்பார்கள், பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்பார்கள். தமிழ்ச் செயலி எதில் கிடைக்கும் என்று கேட்டது ஒரே ஒருத்திதான், உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் அக்கா மகள்.

சிறுவர் கதைகளை வாசித்துக் காட்டும் சின்னச் செயலி ஒன்றை ஓய்வு நேரத்தில் எழுதி, இலவசமாக ஆண்ட்ராய்டில் போட்டிருந்தேன். ஈசூனில் அக்கா வீட்டில் இருக்கும் என் அம்மா, தன் பழைய டேப்லெட்டில் எழுத்தை ஆகப் பெரிதாக வைத்துக்கொண்டு பேத்தியோடு உட்கார்ந்து படிப்பார். அதில் ‘அடுத்த பக்கம்’ என்ற பொத்தானில் ‘அடுத்த ப’ வரைதான் தெரிந்தது, ஏனென்றால் ‘நெக்ஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துக்கு அளந்து விட்ட இடம் அது. அன்றிரவே திருத்தினேன். அப்புறம் அக்கா மகளுக்குப் பள்ளி மூலம் ஐபேட் வந்தது. “இதுல ஏன் மாமா உங்க கதை இல்ல?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

காரணம் பணம்தான். ஆண்ட்ராய்டு செயலிக் கடையான கூகல் பிளேயில் கணக்குத் தொடங்க 25 அமெரிக்க டாலர், ஒரே முறை. ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 அமெரிக்க டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய 130 சிங்கப்பூர் வெள்ளி. ஓர் ஆண்டு கட்டாமல் விட்டால் செயலி கடையிலிருந்து போய்விடும். மேக் கணினியும் வேண்டும், ஆண்ட்ராய்டுக்கு வீட்டிலிருக்கும் விண்டோஸ் மடிக்கணினியே போதும். (அங்கேயும் எல்லாம் சுலபமில்லை. புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குகிறவர் 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதித்துக் காட்ட வேண்டும், எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பாதிப் பேரின் மின்னஞ்சலை வாங்கினேன்.) விற்பனையில் கடை எடுத்துக்கொள்ளும் கமிஷனைப் பற்றித்தான் பலரும் பேசுகிறார்கள். விற்பனை குறைவாக உள்ளவர்களுக்கு 2021இலேயே இரு நிறுவனமும் அதை 15 விழுக்காடாகக் குறைத்துவிட்டன, இலவசச் செயலிக்கு அந்தப் பேச்சே இல்லை.

ஆனால் பயன்படுத்துகிறவர் பக்கம் நின்று பார்த்தால் ஐபேடை நான் குறை சொல்ல மாட்டேன். 2014இல் வந்த ஐபேட் ஏர் 2க்கு 2021இல் வெளியான ஐபேட்ஓஎஸ் 15 இயங்குதளம் வரை கிடைத்தது. மலிவான ஆண்ட்ராய்டு டேப்லெட் பலவற்றுக்கு இரண்டு ஆண்டு புதுப்பிப்பு கிடைத்தாலே பெரிது. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் ஐபேடிலேயே இருக்கின்றன. எழுதுகிறவருக்கும் நிம்மதி, நான்கைந்து திரை அளவில் சரிபார்த்தால் போதும். ஆண்ட்ராய்டில் எந்த டேப்லெட்டில் எந்த எழுத்துரு இருக்கும், கொம்பும் காலும் எங்கே வெட்டுப்படும் என்று சொல்லவே முடியாது.

ஆக, பாட்டி வீட்டில் ஆண்ட்ராய்டு, பேத்தி பையில் ஐபேட். 2021 முதல் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் இருக்கிறது, எது என்பதைப் பள்ளிதான் முடிவு செய்கிறது. ஐபேடைத் தேர்ந்தெடுத்த பள்ளியில் படிக்கும் பிள்ளை நம்மைப் போன்றவர்கள் எழுதும் தமிழ்ச் செயலியைக் காணவே போவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இதற்கு வழி இருக்கிறது. ஆப்பிளில் ஓர் அமைப்பின் பெயரில் ஒரு கணக்கு இருந்தால் அந்த ஒரே கட்டணத்தில் எத்தனை செயலி வேண்டுமானாலும் வெளியிடலாம். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்கு உழைக்கும் நம் அமைப்புகளில் ஏதாவது ஒன்று அப்படியொரு கணக்கை எடுத்து, ஆண்டுதோறும் புதுப்பித்து, என்னைப் போல் தனியாக எழுதுகிறவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். ஐபேடுக்கு மாற்றித் தரும் வேலையை நான் சம்பளம் இல்லாமல் செய்கிறேன், மற்றவர்களின் செயலிகளுக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
செயலி உருவாக்கும் வாசகர் ஒருவர், சிங்கப்பூர்