சொல்லுக்கு ஒரு சாட்சி

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

கண்ணம்மா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேலையை 'ஜஸ்ட் நவ்' முடித்துத் தருகிறேன் என்று, சற்று நேரம் கழித்து என்ற நம் ஊர்ப் பொருளில் நீ சொல்ல, அந்த லண்டன் மேலாளர் உடனே கிடைக்கும் என்று காத்திருந்துவிட்டு, உனக்கு ஆங்கிலமே சரியாக வராது என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னாராமே. எனக்கு வயிறு எரிந்தது. "அப்பா, நாம் பேசுவது தப்பான ஆங்கிலமா?" என்று கேட்டிருக்கிறாய். இல்லையம்மா.

முப்பது வருடம் ஆங்கிலம் கற்பித்தவன் நான். அகராதி என்பது தீர்ப்புப் புத்தகம் என்று நம்பி, பிள்ளைகளின் எத்தனையோ வாக்கியங்களைச் சிவப்பு மையால் அடித்தேன். அகராதி எப்படி உருவாகிறது என்று ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். அந்தப் பிள்ளைகளின் முகங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பொறுப்பை ஜேம்ஸ் மரே 1879-இல் ஏற்றார். வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு வேலை செய்தார். எங்கெங்கோ இருந்த வாசகர்கள் ஒரு சொல்லையும், அது வந்த வாக்கியத்தையும், நூலையும், ஆண்டையும் துண்டுத்தாளில் எழுதி அனுப்பினார்கள். லட்சக்கணக்கில் தாள்கள்! 1915-இல் அவர் இறந்தார். அகராதி 1928-இல்தான் நிறைவடைந்தது. இந்தச் சொல் எனக்குப் பிடிக்கிறதா என்பதல்ல, யார், எங்கே, எப்போதிலிருந்து, என்ன பொருளில் சொல்கிறார்கள் என்பதே பதிப்பாசிரியரின் கேள்வி. நம் சுருட்டு 'செரூட்' என்றும் கட்டுமரம் 'கேட்டமரான்' என்றும் அந்த அகராதியில் ஏறியது அப்படித்தான்.

நம் நாட்டு ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இதே முறையில் தொகுத்த தென்னாப்பிரிக்க ஆங்கில அகராதி 1996-இல் வந்தது. நீ சொன்ன 'ஜஸ்ட் நவ்' அதில் இருக்கிறது, 'சற்று நேரம் கழித்து' என்ற நம் பொருளிலேயே. போக்குவரத்து விளக்கை நாம் 'ரோபோட்' என்பதும் இருக்கிறது. தென்னாப்பிரிக்க வழக்கு என்று ஒரு சொல்லுக்குப் போடும் குறிப்பு அதன் முகவரி, கண்ணம்மா. கறை அல்ல.

அதற்காக அங்கும் 'ஜஸ்ட் நவ்' என்றே சொல் என்று சொல்லமாட்டேன். கேட்பவருக்கு வேறு பொருள் படுமானால், மூன்று மணிக்குத் தருகிறேன் என்று சொல்லிவிடு. அது மரியாதை. ஆனால் தலைகுனிந்து சொல்லாதே.

நானும் துண்டுத்தாள் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பாட்டி பேசும் ஆங்கிலத்தை, தேதியோடு, அவள் சொன்ன வாக்கியத்திலேயே எழுதி ஒரு காலணிப் பெட்டியில் போட்டுவைக்கிறேன். அங்கே நம் ஊர்க்காரர்கள் வாயில் நீ கேட்பதை அதே போல் எழுதி அனுப்பு. இடத்தையும் நாளையும் குறிக்க மறக்காதே.

அன்புடன்,
அப்பா