பீலித் தண்ணீர்

பாரதிபுரம்,
கிளிநொச்சி.
வைகாசி 12

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர். வரம்பில் நின்றபடியே இரண்டு தரம் வாசித்தேன். ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளோடு வருகிறாய் என்பதை அன்றிரவே அம்மாவிடம் சொன்னேன். நீ எந்தத் திண்ணையில் படுப்பாய் என்பது வரை அவர் திட்டம் போட்டுவிட்டார்.

பிள்ளைகளுக்கு மலைநாட்டைக் காட்ட வேண்டும், பதுளைப் பக்கத்தில் நல்ல இடங்களாக நாலைந்து எழுது என்று கேட்டிருந்தாய். நல்ல நேரத்தில் கேட்டாய். காலபோக நெல்லை விற்ற கையோடு, பங்குனியில் நானும் மனைவியும் சின்ன மகளும் அங்கே போய் ஒன்பது நாட்கள் இருந்துவிட்டு வந்தோம். 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தின்போது தோட்டத்தை விட்டு லொறியில் ஏறி வந்த பிறகு அந்த மலைகளை நான் பார்த்தது இதுவே முதல் தரம். நீயும் அதே லொறியில்தான் வந்தாய், உன் அம்மாவின் மடியில். உனக்கு அப்போது நான்கு வயது, எனக்கு ஏழு. அதனால் இந்தக் கடிதம் நீ கேட்டதைவிடக் கொஞ்சம் நீண்டுவிடும்.

முதலில் ஒன்று. கொழும்பில் இறங்கி நேரே வான் பிடித்து மலைநாட்டு எல்லவுக்குப் போய்விடாதே. முதலில் இங்கே வா. இங்கிருந்து ஏ-9 வீதியால் கண்டிக்குப் போவோம். அந்த வீதி மாத்தளையைத் தொட்டுத்தான் போகிறது. முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கி ஒரு தேங்காய் உடைக்க வேண்டும். 1830களிலிருந்து நம் பாட்டன்மார் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து மன்னார்க் கரையில் இறங்கி, இந்தக் காட்டுக்குள்ளால் நடந்துதான் மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். நாம் 77இல் வன்னிக்கு வந்தோம் என்று சொல்கிறோமே, நம் ஆட்களுடைய கால்கள் இந்த மண்ணில் பட்டது அதற்கும் நூற்று நாற்பது வருடங்களுக்கு முன். இது உன் பிள்ளைகளுக்குத் தெரிந்த பிறகே அவர்கள் மலையைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கண்டியிலிருந்து பதுளைக்கு இரயில். ஏறக்குறைய ஏழு மணி நேரம், ஆனால் ஒரு நிமிடம்கூடக் கண் மூட மனம் வராது. பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீட்டர். நாட்டின் புகையிரத நிலையங்களில் அதுவே உயரமானது. அதைத் தாண்டி ஒரு சுரங்கத்துக்குள் மழையோடு நுழைந்தோம், ஒஹியப் பக்கம் வெயிலோடு வெளியே வந்தோம். இதல்கசின்னையில் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் நிலம் கீழே இறங்கிவிடுகிறது. வரம்பில் நடக்கும்போது இரண்டு பக்கமும் வயல் தாழ்ந்து கிடக்குமே, அதைப் பல ஆயிரம் அடி உயரத்துக்குத் தூக்கி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

வழியில் மகள் யன்னலால் எட்டிப் பார்த்து, "எவ்வளவு பெரிய காடு, அப்பா" என்றாள். அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன்: அங்கே தெரியும் பச்சையெல்லாம் காடு அல்ல. நீ பாலையும் வீரையும் முதிரையும் நின்ற காட்டின் ஓரத்தில் வளர்ந்தவன். காட்டில் பக்கத்துப் பக்கத்து மரம் இரண்டு ஒரே உயரத்தில் நிற்காது. அந்தச் சரிவுகளிலோ இடுப்பளவு உயரத்தில் ஒரே செடி, கண்ணுக்கெட்டும் தூரம் வரை. முன்பு அங்கே நின்ற காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1869இல் இலையில் துரு நோய் விழுந்து கோப்பி அழியத் தொடங்க, அதன் இடத்தில் தேயிலை வந்தது. ஒவ்வொரு தூரும் ஒருவர் குனிந்து கையால் நட்டது. அழகு இல்லை என்று சொல்லவில்லை, மச்சான். அந்த அழகு யாருடைய முதுகு வளைந்ததால் வந்தது என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

அசல் காடு இப்போது மலைகளின் உச்சியிலும் ஓடைப் பள்ளங்களிலும்தான் மிஞ்சியிருக்கிறது. அதனால் என் பட்டியலில் முதலாவது ஹோர்ட்டன் சமவெளி. அது நுவரெலியா மாவட்டத்துக்குள் வந்தாலும் ஒஹியப் பக்கத்திலிருந்தும் ஏறலாம். 1988இலிருந்து தேசியப் பூங்கா. விடிவதற்கு முன்பே புறப்பட்டுவிட வேண்டும். நாங்கள் உள்ளே போகும்போது புல்வெளியில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. மரை ஒன்று வீதியோரத்தில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. நம் காட்டில் மரையைக் கண்டால் அடுத்த நொடி அது இருக்காது. அங்கே அது தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. மரங்கள் குட்டையாய், முறுகி, அடி முதல் நுனி வரை பாசி தொங்க நிற்கின்றன. அந்தப் பாசியை மகள் தொட்டபோது அவள் கை நனைந்துவிட்டது. மூடுபனியிலிருந்தே தண்ணீர் எடுக்கும் காடு அது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் கொடுக்கும் இடம் என்று வாசித்திருந்தேன். கை நனைந்தபோதுதான் எப்படி என்று விளங்கியது. உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறை ஏறக்குறைய 870 மீட்டர் பள்ளத்தில் இறங்குகிறது. காலை ஒன்பது மணிக்கு முன் போய்விடு. அதற்குப் பிறகு கீழிருந்து மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். எங்களுக்கு இருபது நிமிடம் கிடைத்தது.

அப்புத்தளையில் இரண்டு நாட்கள் தங்குங்கள். அங்கிருந்து தம்பேதன்னைக்குத் தோட்டத்து பஸ் போகிறது. தேயிலை வியாபாரி லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலை அங்கே இன்னும் நிற்கிறது. அதிலிருந்து ஏழு கிலோமீட்டர் மேலே ஏறினால் லிப்டன் சீட், அந்தத் துரை உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடம். முச்சக்கர வண்டியில் ஏறிவிட்டு, இறங்கும்போது நடந்து வாருங்கள். நடந்தால்தான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களையும் பள்ளிக்கூடத்தையும் சின்னக் கோயில்களையும் மனிதர்களையும் பார்க்கலாம். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கண்டதும் கைபேசியை நீட்ட வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவை. அப்படி நீட்டுகிறவர்களைப் பார்த்து எனக்கு நெஞ்சு கொதித்தது. கேட்டு, பேசி, பிறகு எடுக்கலாம். ஒரு அம்மா எங்களிடம் எந்த ஊர் என்று விசாரித்தார். கிளிநொச்சி என்றதும் கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அருகில் வந்தார். அவருடைய சின்னம்மா 77இல் வவுனியாப் பக்கம் போனவராம். பிறகு தகவலே இல்லையாம். பெயரை எழுதி வாங்கி வந்திருக்கிறேன். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புத்தளைக்குப் பக்கத்தில் தங்கமலை என்று ஒரு காடு இருக்கிறது. பறவைகளுக்கான சரணாலயம். அதன் ஓரத்தில் அடிஷாம் என்னும் பழைய கல் மாளிகை, இப்போது துறவிகளின் மடம். அவர்கள் செய்யும் பழப்பாகு நன்றாக இருக்கிறது. மாளிகையைவிட அந்தக் காட்டுப் பாதைதான் எனக்குப் பிடித்தது. ஈரமான நாளில் அட்டை கடிக்கும். உப்பு கொண்டு போ.

ஒன்பது வளைவுப் பாலத்தை எல்லோரும் சொல்வார்கள், நீயும் பார்க்கத்தான் வேண்டும். 1921இல் கட்டி முடித்தது. கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், 91 மீட்டர் நீளம். ஆனால் இரயில் வரும் நேரத்தில் அங்கே தேர்த் திருவிழாக் கூட்டம். விடிகாலையில் போய்விட்டு வந்துவிடுங்கள். எனக்கு அதைவிடத் தெமோதரைதான் அதிசயம். இரயில் பாதை மலையை ஒரு சுற்றுச் சுற்றி, தெமோதரை நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கமாகப் போகிறது. பிள்ளைகளை மேலே நிற்கவைத்துக் கீழே இரயில் போவதைக் காட்டு. இராவணன் அருவி வீதியோரத்திலேயே இருக்கிறது, பஸ்ஸிலிருந்தே தெரியும்.

பதுளையில் துன்ஹிந்த அருவி. வீதியிலிருந்து காட்டோரமாய் ஒரு மைலளவு நடை. 64 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. நீர்த்துவலை புகையாய் எழுந்து முகத்தில் அடித்தபோது என் மனைவி கைகூப்பிவிட்டாள். நாங்கள் குளத்து மனிதர்கள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் அணையில் கட்டுவது, துருசு திறந்து அளந்து விடுவது, முறை வைத்து வயலுக்குப் பாய்ச்சுவது. ஒரு அடி கூடினாலும் குறைந்தாலும் ஊரே பேசும். அங்கே அவ்வளவு தண்ணீர் யாரையும் கேளாமல் விழுந்து போகிறது. போகும் இடத்தையும் சொல்கிறேன்: பதுளு ஓயா மகாவலியில் சேர்கிறது, மகாவலி மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. துன்ஹிந்தவில் நம் முகத்தில் தெறித்த தண்ணீரில் கொஞ்சம் நம் கிழக்குக் கரைக்கு வருகிறது. ஆகஸ்டில் தண்ணீர் மெலிந்திருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். வானம் தெளிவாயிருக்கும், அருவி குறைவாயிருக்கும். இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அரிது.

தியலும அருவி 220 மீட்டர், நாட்டில் இரண்டாவது உயரம். முதலாவதான பம்பரகந்தையும், 263 மீட்டர், இதே மாவட்டத்தில்தான். தியலுமவின் தலைப்பில் பாறைக் குழிகளில் குளிக்கிறார்கள். மழை இருட்டு தெரிந்தால் பிள்ளைகளை அங்கே இறக்காதே. அந்தப் போக்கில் கொஸ்லந்தை வருகிறது. அங்கே மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29 காலையில், மழையில் ஊறிய மலை சரிந்து லயங்களை மூடியது உனக்கு நினைவிருக்கும். நீ அன்று தொலைபேசியில் அழுதாய். நாங்கள் வண்டியை நிறுத்தி இறங்கினோம். மேலே புல் மூடிவிட்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம். நீயும் நிற்பாய் என்று தெரியும்.

இனி எந்தப் பட்டியலிலும் இல்லாத இடம். நம் தோட்டத்துக்குப் போனேன். நம் லயம் இருந்த இடத்தில் இப்போது மரக்கறித் தோட்டம். கோயில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். எதையும் அடையாளம் பிடிக்க முடியாமல் நின்றபோது தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பீலி. பாறை இடுக்கில் செருகிய குழாயிலிருந்து, கை மொத்தத்துக்கு, அப்படியே விழுந்துகொண்டிருக்கிறது. என் அப்பாயி எனக்குத் தலை முழுக வார்த்தது அங்கேதான். உன் அம்மா உடுப்புத் துவைத்த தட்டைக் கல்லும் இருக்கிறது, நடுவில் குழி விழுந்து. பாதத்தை வைத்தேன், எலும்பு வரை குளிர் ஏறியது. அந்தக் குளிர் எனக்கு நினைவில் இருந்தது, மச்சான். வேறெதுவும் இல்லை, அது மட்டும் இருந்தது. பக்கத்து லயத்துப் பிள்ளைகள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு வழிவிட்டு விலகினேன்.

ஒரு போத்தலில் பிடித்து வந்து அம்மாவுக்குக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. முற்றத்துத் துளசிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

டிக்கெட் போட்டதும் தேதியை எழுது. இரயில் இருக்கைகள் முன்பதிவு தொடங்கியதும் தீர்ந்துவிடுகின்றன, நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை கொண்டு வா. கனடாக் குளிருக்குப் பழகியவர்கள் என்று நினைத்து விட்டுவிடாதே, சமவெளியில் விடியற்காலை அது போதாது. உன் அம்மாவிடம் அந்தக் கல்லைப் பற்றிச் சொல். எந்தப் பக்கமாக உட்கார்ந்து துவைப்பார் என்றும் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் மச்சான்